கடிகாரம் சொல்லும் களைப்பு

ஒரு வேலை எவ்வளவு கடினம் என்பதை மனிதர்கள் எதை வைத்து அறிகிறார்கள்? தசையில் ஏறும் எரிச்சலை வைத்தா, நெஞ்சுக்கூட்டில் அடிக்கும் துடிப்பை வைத்தா, இன்னும் எவ்வளவு பாக்கி இருக்கிறது என்ற மனக்கணக்கை வைத்தா? இத்தாலியின் டூரின் நகரில் ஆஞ்செலோ மோஸ்ஸோ என்ற உடலியலாளர், ஒற்றை விரலால் எடையைத் திரும்பத் திரும்ப இழுக்கவைத்துக் களைப்பைக் கோடாக வரைந்து காட்டினார். 1891இல் அந்த ஆய்வுகளை நூலாக வெளியிட்டார். அன்று தொடங்கி விடைகள் மாறி மாறி வந்துகொண்டிருக்கின்றன. இப்போது அந்தப் பழைய கேள்வியில் புதிய கிளை ஒன்று முளைத்திருக்கிறது. மோஸ்ஸோவின் கருவி ஆய்வாளருக்காக வரைந்தது. இன்று மணிக்கட்டில் கட்டிய கருவி உழைப்பவருக்கே எண்ணைக் காட்டுகிறது, அதுவும் அவர் உழைத்துக்கொண்டிருக்கும்போதே. அந்த எண்ணை யாராவது மாற்றிவிட்டால், அல்லது கருவியே தவறாகக் காட்டினால், உணரப்படும் சிரமமும் கூடவே மாறுமா?

சேலம், நாமக்கல் சமவெளியில் இந்தக் கேள்விக்கு இரண்டு முகங்கள் உண்டு. ஒன்று, விரும்பிச் செய்யும் உழைப்பு: 2023 நவம்பர் 4 அன்று தமிழ்நாட்டின் 38 மாவட்டங்களிலும் தொடங்கிய ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தின் 8 கிலோமீட்டர் பாதைகளில் நடப்பவர்கள், ஏற்காட்டுக் கொண்டை ஊசி வளைவுகளில் சைக்கிள் மிதிப்பவர்கள், திருச்செங்கோட்டு மலையின் ஆயிரத்து இருநூறு சொச்சம் படிகளை ஏறுபவர்கள். மற்றொன்று, கூலிக்குச் செய்யும் உழைப்பு: பள்ளிபாளையம், குமாரபாளையம் விசைத்தறிகள், திருச்செங்கோட்டு ஆழ்துளைக் கிணற்று ரிக் வண்டிகள், நாமக்கல் லாரிப் பட்டறைகள், ஆத்தூர்ப் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகள். ஸ்மார்ட்வாட்ச் முதல் கூட்டத்தின் கைகளில் ஏற்கெனவே ஏறிவிட்டது. விலை இறங்க இறங்க இரண்டாவது கூட்டத்தையும் எட்டிவருகிறது. ஆய்வுகளோ பெரும்பாலும் முதல் கூட்டத்தைப் போன்றவர்களை வைத்தே நடந்தவை. அவற்றின் முடிவுகளை இரண்டாவது கூட்டத்துக்கு அப்படியே பொருத்திப் பார்க்க முடியுமா என்பதை மனதில் வைத்துக்கொண்டே அவற்றைப் படிக்க வேண்டியிருக்கிறது.

உடலின் வாக்குமூலம்

முதல் நிலைப்பாடு எளியது: உடல் அனுப்பும் செய்திதான் சிரமம். 1920களில் பிரிட்டிஷ் உடலியலாளர் ஏ. வி. ஹில் ஓட்டக்காரர்களின் ஆக்சிஜன் நுகர்வை அளந்தார். அது ஓர் எல்லையைத் தொட்டபின் தசையில் லாக்டிக் அமிலம் சேர்கிறது, ஓட்டம் தளர்கிறது என்பது அவர் தந்த விளக்கம். இந்தச் சித்திரத்தில் மூளைக்கு அதிக வேலையில்லை. கிடைக்கும் தகவலைப் பெற்றுக்கொள்வதோடு சரி. 1960களில் ஸ்வீடன் உளவியலாளர் குன்னார் போர்க் உருவாக்கிய அளவுகோல் இதே மரபில் கிளைத்தது. ‘எவ்வளவு சிரமமாக இருக்கிறது?’ என்ற கேள்விக்கு 6 முதல் 20 வரை ஓர் எண்ணைச் சொல்ல வேண்டும். அந்த எண்ணைப் பத்தால் பெருக்கினால் ஆரோக்கியமான இளைஞர் ஒருவரின் இதயத்துடிப்பு ஏறத்தாழ வந்துவிடும். 13 என்றால் 130. வாயால் சொல்லும் எண்ணும் நெஞ்சு அடிக்கும் எண்ணும் இவ்வளவு நெருங்கி வருவதைப் பார்த்தால், துடிப்பைக் கேட்டுத்தான் சிரமத்தை அறிகிறோம் என்று தோன்றுவது இயல்பு.

ஆனால் சேர்ந்து ஏறுவதெல்லாம் ஒன்றுக்கொன்று காரணமாகிவிடாது. ரத்த அழுத்தத்துக்குப் பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை சாப்பிடுபவருக்குத் துடிப்பு கீழேயே நிற்கும். படியேறினால் இரைப்பதோ இரைக்கத்தான் செய்யும். இதய மறுவாழ்வுப் பயிற்சிகளில் துடிப்பை விட்டுவிட்டுப் போர்க்கின் எண்ணை நம்புவது இதனால்தான். போர்க்கே பிற்காலத்தில், மூச்சு, தசை, மூட்டு, துடிப்பு எனப் பலவும் கலந்து எழும் ஒட்டுமொத்த உணர்வு என்றே இதை விளக்கினார். அப்படியானால் உடலின் செய்திக்கு மதிப்பே இல்லையா? இருக்கிறது. 2009இல் மார்கஸ் அமன் குழு, சைக்கிள் வீரர்களின் அடிமுதுகில் ஃபென்டனில் என்னும் வலிநிவாரணியைச் செலுத்தி, கால் தசைகளிலிருந்து மூளைக்குப் போகும் செய்தியை அடக்கிப் பார்த்தது. காலின் வலு குறையவில்லை. ஐந்து கிலோமீட்டர் பந்தயத்தின் தொடக்கத்தில் வழக்கத்தைவிட வேகமாகப் பாய்ந்தார்கள். முடிவில் மொத்த நேரத்தில் பெரிய ஆதாயம் இல்லை, தசைகளோ வழக்கத்தைவிட மிக அதிகமாகச் சோர்ந்துபோயிருந்தன. உடலின் செய்தி ஒரு கடிவாளமாக வேலை செய்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று குறைவு.

முன்கணக்குப் போடும் மூளை

இரண்டாவது நிலைப்பாடு கவனத்தை எதிர்காலத்தின் பக்கம் திருப்பியது. முடிவுப் புள்ளி எங்கே இருக்கிறது என்பதை வைத்து மூளை முன்கூட்டியே ஆற்றலைப் பங்கிடுகிறது என்று 1996இல் ஜெர்மானியரான உல்மர் எழுதினார். தென்னாப்பிரிக்காவின் டிம் நோக்ஸ் அதை விரித்து, உடல் ஆபத்தைத் தொடுமுன் தடுத்து நிறுத்தும் மைய ஆளுநர் ஒருவர் மூளையில் இருக்கிறார் என்றார். களைப்பு என்பது அந்த ஆளுநர் விடுக்கும் எச்சரிக்கை. கருவியின் காட்சியை மாற்றிப் பார்க்கும் சோதனைகளுக்கு இந்தக் கோட்பாடுதான் வழி திறந்துவிட்டது. 2009இல் மார்ட்டன் என்ற ஆய்வாளர் கடிகாரத்தையே மெதுவாக ஓடவிட்டார்; மிதிப்பவர்கள் வழக்கமான நேரத்துக்கும் மேல் தாக்குப்பிடித்தார்கள். 2012இல் ஸ்டோன் குழு, திரையில் ஓடும் நிழல் வீரரை ‘இது உங்கள் பழைய ஓட்டம்’ என்று காட்டியது. உண்மையில் அதன் சக்தி 2 சதவீதம் கூட்டி வைக்கப்பட்டிருந்தது. வீரர்கள் தங்கள் பழைய சிறந்த நேரத்தை முறியடித்தார்கள். தம்மால் முடிந்ததெல்லாம் அவ்வளவுதான் என்று அவர்கள் நம்பியிருந்த எல்லைக்கு அப்பாலும் கொஞ்சம் கையிருப்பு இருந்திருக்கிறது.

இந்தச் சோதனைகளில் நம் ஊருக்கு மிக நெருக்கமானது, அதே 2012இல் காஸில் குழு செய்தது. சுமார் 31 டிகிரி வெப்பமும் அதிக ஈரப்பதமும் கொண்ட அறையில் ஏழு ஆண்கள் அரை மணி நேரம் மிதித்தார்கள். ஒருமுறை அறை வெப்பத்தை உள்ளபடி காட்டினார்கள். இன்னொரு முறை 26 டிகிரி என்று காட்டி, உடலின் உள்வெப்பத்தையும் 0.3 டிகிரி குறைத்துக் காட்டினார்கள். உண்மை தெரிந்தபோது வெப்பம் அவர்கள் வேகத்தை இறக்கியது. பொய்யான எண்ணைப் பார்த்தபோது குளிர்ந்த அறையில் மிதித்த தூரத்தையே எட்டிவிட்டார்கள். சோதனை சிறியது, பங்கேற்றவர்கள் ஒரே வகையினர். இருந்தாலும் வேறு எந்த முடிவையும்விட இது ஆழ்ந்து யோசிக்க வேண்டியது.

மைய ஆளுநர் கோட்பாட்டின் பலவீனம், எது நடந்தாலும் ‘ஆளுநர் அப்படி முடிவெடுத்தார்’ என்று சொல்லிவிட முடிவதுதான். இத்தாலியரான சாமுவேலே மார்கோரா இதைக் கடுமையாகச் சாடினார். அவர் கருத்தில் தனி ஆளுநர் தேவையே இல்லை. மூளை தசைக்கு அனுப்பும் கட்டளையின் நகல் ஒன்று உணர்வுப் பகுதிக்கும் போகிறது, அந்த நகல்தான் சிரமமாக உணரப்படுகிறது. 2009இல் அவர் குழு, 90 நிமிடம் மூளையைக் கசக்கும் வேலை கொடுத்தபின் சைக்கிள் மிதிக்கவைத்தது. இதயமும் நுரையீரலும் வழக்கம்போல் இயங்க, பங்கேற்றவர்கள் மட்டும் சீக்கிரமே கைவிட்டார்கள். மார்கோரா சொல்வது சரியானால், பொய்த் துடிப்பால் சிரம உணர்வின் மூலத்தைத் தொடவே முடியாது; அதிகம் போனால் மனநிலையைத்தான் மாற்றும்.

பொய்த் துடிப்பு

பொய்த் துடிப்பின் வரலாறு விளையாட்டரங்கில் தொடங்கவில்லை. 1966இல் ஸ்டூவர்ட் வாலின்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர், மாணவர்களுக்குப் பெண்களின் படங்களைக் காட்டி, ‘உங்கள் இதயம் அடிக்கும் ஓசை’ என்று சொல்லி முன்பே பதிவுசெய்த ஓசையைக் கேட்கவைத்தார். எந்தப் படத்தின்போது துடிப்பு மாறியதாகக் கேட்டதோ அந்தப் படம் அவர்களுக்கு அதிகம் பிடித்துப்போனது. உடல் உணர்வு என்பது நேராகக் கிடைப்பதல்ல, ஊகித்துக்கொள்வது என்று வாதிட்டவர்களுக்கு இது பெரிய ஆயுதமாயிற்று. உழைப்புக்கு இதைக் கொண்டுவர அரை நூற்றாண்டு பிடித்தது. 2019இல் இயோடிசே, பெட்சுலோ உள்ளிட்ட இத்தாலிய ஆய்வாளர்கள், ஒரே தீவிரத்தில் சைக்கிள் மிதிப்பவர்களுக்குச் சிலசமயம் உண்மைத் துடிப்பையும் சிலசமயம் வேகமான அல்லது மெதுவான பொய்த் துடிப்பையும் ஒலிக்கவிட்டார்கள். வேகமான துடிப்பைக் கேட்டவர்கள் அதே மிதிப்பை அதிகச் சிரமமானதாக மதிப்பிட்டார்கள். மெதுவான துடிப்பு சிரமத்தைக் குறைக்கவில்லை. தன் உழைப்பை உணராமல் போவது ஆபத்து என்பதால் இந்த ஒருபக்கச் சாய்வு ஆறுதலானது.

இவர்கள் சார்ந்திருக்கும் மூன்றாவது நிலைப்பாட்டின்படி, மூளை உடலை நேரடியாகப் படிப்பதில்லை. உடலின் நிலையைப் பற்றி ஒரு யூகத்தை வைத்துக்கொண்டு, வரும் தகவல்களால் அதைத் திருத்திக்கொண்டே போகிறது. ஊர்ப் பஞ்சாயத்தில் சாட்சிகளை விசாரிப்பது போலத்தான் இது. எல்லாச் சாட்சிகளும் பேசுவார்கள். யார் சொல் எவ்வளவு நம்பகமானது என்பதைப் பொறுத்தே எடை. மூச்சும் தசையும் பழைய சாட்சிகள், மணிக்கட்டுக் கருவி புதிதாக வந்த சாட்சி. இந்தக் கோட்பாட்டுக்கும் மைய ஆளுநரின் அதே நோய் உண்டு: எடையைப் பின்னால் கூட்டியோ குறைத்தோ எந்த முடிவையும் விளக்கிவிடலாம். எடை எப்போது எங்கே சாயும் என்று முன்னதாகவே சொன்னால்தான் அது சோதிக்கத்தக்க கருத்தாகும்.

அப்படிச் சொல்ல முடியும் என்றே தோன்றுகிறது. கருவியின் பொய் எங்கே எடுபட்டது, எங்கே படவில்லை என்று வரிசைப்படுத்தினால் ஒரு சாயல் தெரிகிறது. இயோடிசே குழுவின் மெதுவான துடிப்பு தோற்றது. அங்கே மூச்சும் தொடையும் உரக்கப் பேசிக்கொண்டிருந்தன. அதே மெதுவான துடிப்பு, அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் காஸ்டா குழு 2016இல் செய்த மணிக்கட்டுக் கருவியில் வென்றது. உடலுழைப்பு எதுவுமின்றி உட்கார்ந்திருந்தவர்களின் தோலில் மெல்லிய அதிர்வாக அது வந்தபோது பதற்றம் தணிந்தது; உடல் அப்போது தாழ்ந்த குரலில்தான் பேசிக்கொண்டிருந்தது. காஸிலின் பொய் வென்றது வெப்பத்தில், அதில் உள்வெப்பமும் அடக்கம். தோலின் சூட்டை நன்றாக உணர்கிறோம், உடலுக்குள் 0.3 டிகிரி ஏறியதை எந்தப் புலனும் எண்ணாகச் சொல்வதில்லை. ஆகவே, பழைய சாட்சி பலவீனமாக இருக்கும் இடத்தில்தான் கருவியின் சொல் எடுபடுகிறது. கெட்ட செய்தியானால் பலமான சாட்சி இருக்கும்போதும் ஓரளவு எடுபடுகிறது. கைவசமுள்ள சான்றுகள் இதுவரைதான் அனுமதிக்கின்றன. ஆனால் இதற்கே நடைமுறை விளைவு பெரிது.

காலடி ஓசையும் ஏற்றப்பாட்டும்

எண்ணும் துடிப்பும் மட்டுமே பின்னூட்டம் அல்ல. 2015இல் அனா தஹாதுரா-ஹிமேனஸ் குழு, செருப்பில் ஒலிவாங்கி பொருத்தி, நடப்பவரின் காலடி ஓசையை அவர் காதுக்கே மாற்றிக் கொடுத்தது. ஓசையின் சுருதியைக் கூட்டியபோது தம் உடல் இலேசானதாக உணர்ந்தார்கள், நடையும் சுறுசுறுப்பானது. 2013இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் தாமஸ் ஃப்ரிட்ஸ் குழு, உடற்பயிற்சிக் கருவிகளில் சென்சார் பொருத்தி, இழுக்கும் இழுப்பெல்லாம் இசையாகும்படி செய்தது. வெறுமனே பாட்டுக் கேட்டுக்கொண்டு இழுத்தவர்களைவிட, தாமே இசையை உண்டாக்கியவர்கள் சிரமத்தைக் குறைவாக உணர்ந்தார்கள். கூட்டு வேலைகளில் பாட்டு ஏன் உலகெங்கும் இருக்கிறது என்பதற்கும் இது விளக்கமாகலாம் என்று அவர்கள் கருதினார்கள். கொங்குச் சமவெளியில் கவலை ஓட்டி நீர் இறைத்த தலைமுறைக்கும் ஏற்றப்பாட்டுப் பாடியவர்களுக்கும் இது புதிய செய்தியாக இருந்திருக்காது. ஏற்றப்பாட்டில் இறைத்த சால்களின் எண்ணிக்கையும் பாட்டோடு சேர்ந்தே ஓடும். உழைப்பின் அளவு உழைப்பவரின் குரலிலேயே வெளிப்படும். ஆனால் அதில் பொய் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சிரமத்தை இறக்க ஏமாற்றுதான் வழி என்ற எண்ணத்துக்கு ஃப்ரிட்ஸின் முடிவு நல்ல மாற்று.

மறுப்புகள்

இந்தச் சோதனைகளை ஏற்காதவர்களின் முதல் வாதம், பங்கேற்பவர் ஆய்வாளருக்குப் பிடித்த விடையைச் சொல்கிறார் என்பது. வேகமான துடிப்பைக் கேட்டால் ‘கஷ்டமாக இருக்கிறது’ என்று சொல்ல வேண்டும் போலிருக்கிறது என யூகிக்க யாராலும் முடியும். இது மட்டுமே காரணமென்றால் மெதுவான துடிப்பைக் கேட்டவர்களும் ‘இலேசாக இருக்கிறது’ என்று சொல்லியிருக்க வேண்டும்; சொல்லவில்லை. ஆனால் மெதுவான துடிப்பை அவர்கள் நம்பவே இல்லை என்ற பதிலும் சாத்தியம்தான். ஆகவே இந்த மறுப்பு முழுதாக விழவில்லை, பாதி விழுகிறது. ஸ்டோன், காஸில் சோதனைகளில் அளந்தது வாய்ச்சொல்லை அல்ல, சக்கரத்தை. அங்கே இது இன்னும் பலவீனம்.

இரண்டாவது மறுப்பு, வேகமான தாளம் எதுவானாலும் கிளர்ச்சி தரும், அதற்குத் துடிப்பு என்ற பெயர் வேண்டியதில்லை என்பது. வாலின்ஸ் இதை முன்கூட்டியே யோசித்து, ஒரு பகுதியினரிடம் அதே ஓசையைச் சம்பந்தமற்ற சத்தம் என்று சொல்லியிருந்தார். ‘என் துடிப்பு’ என்று நம்பியவர்களிடம் தெரிந்த விளைவு அவர்களிடம் தெரியவில்லை. நம்பிக்கைக்கு இடம் உண்டு என்பதற்கு இது சான்று. சில பேரை வைத்து, பெரும்பாலும் இளம் ஆண்களை வைத்து, சில நிமிடங்கள் நடந்த சோதனைகள் என்ற மூன்றாவது மறுப்புக்குப் பதில் சொல்வது கடினம். அது பெருமளவு உண்மை.

நீண்ட காலச் சான்றாக ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஸார்ட், கிரம் குழு 2023இல் வெளியிட்டது குறிப்பிடத்தக்கது. 162 பேருக்கு ஆப்பிள் வாட்ச் கொடுத்து, சிலருக்கு அடிகளின் எண்ணிக்கையை 40 சதவீதம் குறைத்தும் சிலருக்கு 40 சதவீதம் கூட்டியும் சில வாரங்கள் காட்டினார்கள். குறைத்துக் காட்டப்பட்டவர்களின் மனநிலை தாழ்ந்தது, உணவுப் பழக்கம் கெட்டது, ரத்த அழுத்தமும் இதயத்துடிப்பும் கூடின. கூட்டிக் காட்டப்பட்டவர்களுக்கு எதிர்பார்த்த நன்மை எதுவும் கிடைக்கவில்லை. இங்கே அளந்தது சிரமத்தை அல்ல, ‘நான் போதுமான அளவு நடக்கிறேனா’ என்ற எண்ணத்தை. ஆனாலும் அதே ஒருபக்கச் சாய்வு: கெட்ட செய்தி உடலில் இறங்குகிறது, நல்ல செய்தி நழுவிப்போகிறது. கிரம் 2007இல் எல்லன் லாங்கருடன் சேர்ந்து, ஓட்டல் அறைகளைச் சுத்தம்செய்யும் 84 பெண்களில் ஒரு பகுதியினரிடம் ‘உங்கள் வேலையே நல்ல உடற்பயிற்சி’ என்று சொன்னதால் எடையும் ரத்த அழுத்தமும் இறங்கின என்று எழுதியிருந்தார். அந்த முடிவு பிறகு ஐயத்துக்கு உள்ளானது. கூலி உழைப்பாளரை வைத்து நடந்த அரிய சோதனை என்பதால் நினைவில் வைக்கலாம். அதன்மேல் எதையும் கட்ட முடியாது.

வெயிலும் பட்டறையும்

இயோடிசே குழுவின் முடிவு தரும் ஆறுதலை இந்தச் சமவெளியின் கோடைக்குள் கொண்டுவந்தால் அது நிற்குமா என்பதே என் ஐயம். சேலத்தில் 2024 ஏப்ரல் இறுதியில் வெப்பம் 41 டிகிரியைத் தாண்டியது. அந்த ஆண்டு அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. சென்னை போரூரில் உள்ள ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் வித்யா வேணுகோபால் குழு, உப்பளம், செங்கல் சூளை, உருக்காலை போன்ற இடங்களில் வேலை செய்வோரிடம் வெப்பம் உடலை எப்படித் தாக்குகிறது என்று ஆண்டுக்கணக்கில் அளந்துவருகிறது. சிறுநீரகம் வரை அந்தச் சேதம் நீள்வதை அவர்கள் ஆய்வுகள் காட்டின. வெயிலில் உழைப்பவரின் ஆபத்து உள்வெப்பத்தில் இருக்கிறது. கருவியின் பொய்யான நற்செய்தி எடுபட்டதும் அதே உள்வெப்பத்தையும் சேர்த்துக் குறைத்துக் காட்டியபோதுதான். மெதுவான பொய்த் துடிப்பை மறுத்துவிட்ட உடல், பொய் வெப்பத்தை மறுக்கவில்லை. காஸிலின் ஏழு பேர் அரை மணி நேரத்தில் இறங்கி ஓய்வெடுக்கப் போனார்கள்; லோடு ஏற்றுபவர் இறங்கிப் போக முடியாது, லோடு கணக்கில் கூலி என்றால் போகவும் மாட்டார்.

கருவி பொய் சொல்வதற்குச் சூழ்ச்சிக்காரர் யாரும் தேவையில்லை என்பது கூடுதல் சிக்கல். மணிக்கட்டுக் கருவி தோலில் பச்சை ஒளியைப் பாய்ச்சி, ரத்தம் ஏறி இறங்குவதிலிருந்து துடிப்பைக் கணக்கிடுகிறது. பட்டை தளர்ந்தாலும், கை தாளகதியில் அசைந்தாலும் கணக்கு பிசகும். ஓடும் காலின் தாளத்தையே துடிப்பாக எடுத்துக்கொள்வதும் உண்டு. ரிக் வண்டியின் அதிர்விலும் தறியின் தாளத்திலும் அது எப்படி நடந்துகொள்ளும் என்பதை நடைப்பயிற்சிப் பாதையில் எடுத்த அளவை வைத்து முடிவுசெய்ய முடியாது. திரையில் வரும் பச்சை, மஞ்சள், சிவப்பு மண்டலங்கள் பல கருவிகளில் 220இலிருந்து வயதைக் கழிக்கும் பழைய சராசரிச் சூத்திரத்தை ஒட்டியவை. ஒருவருக்கொருவர் அது பத்துப் பன்னிரண்டு துடிப்பு தள்ளிப்போவது சாதாரணம். பீட்டா பிளாக்கர் எடுப்பவரின் கடிகாரம் துடிப்பைச் சரியாகவே காட்டும், உழைப்பைத் தவறாகச் சொல்லும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வழியாக ரத்த அழுத்த மாத்திரை வீட்டுக்கே வரும் மாநிலத்தில் இது ஓரத்து விதிவிலக்கு அல்ல. அதிகாலையில் நடக்கும் ஐம்பது வயதுக்காரர் ‘பச்சையில்தான் இருக்கிறது’ என்று மேட்டில் வேகத்தைக் கூட்டும்போது, மூச்சு சொல்வதைக் கேட்பாரா, திரை சொல்வதையா?

மூச்சைக் கேட்பார் என்று நம்ப ஓரளவு காரணம் இருக்கிறது; மூச்சு பலமான சாட்சி. வெப்பத்துக்கு அந்த உத்தரவாதம் இல்லை. எனவே சிரமத்தைக் குறைவாக உணரவைக்கும் பின்னூட்டத்தை உடற்பயிற்சிக் கூடத்திலிருந்து வேலைத்தளத்துக்குக் கொண்டுபோவதற்கு இன்றைய சான்றுகள் இடம் தரவில்லை என்றே கருதுகிறேன். எச்சரிக்கையைச் சற்று முன்னதாகவே கொடுக்கும் பின்னூட்டத்துக்கு இடம் இருக்கலாம். ஆனால் ஸார்ட் முடிவைப் பார்த்தால் அதற்கும் விலை உண்டு. ஓயாமல் பயமுறுத்தும் கருவி, காக்க வேண்டிய உடலையே அழுத்தக்கூடும். தவிர, எச்சரிக்கை அடித்ததும் உட்காரும் உரிமை அந்தத் தொழிலாளிக்கு இல்லையென்றால் கருவி மேற்பார்வையாளரின் திரையாகத்தான் முடியும்.

விடை வராத கேள்விகளில் மூன்று முதன்மையானவை. பொய் வாரக்கணக்கில் தொடர்ந்தால் மூளை அந்தச் சாட்சியைத் தள்ளிவிடுமா, பழகி ஏற்றுக்கொள்ளுமா என்பது ஒன்று. ஸார்ட் சோதனையை வைத்து இதைத் தீர்க்க முடியாது, ஏனெனில் நடந்த அடிகளை யாரும் உள்ளிருந்து எண்ணுவதில்லை. மதிப்பெண் மாறுவது உணர்வு மாறுவதாலா, சொல்லும் விதம் மாறுவதாலா என்ற, மார்கோராவின் வாதத்திலிருந்து எழும் கேள்வி இரண்டாவது. துடிப்பைப் பொய்யாகக் காட்டி, மூளை தசைக்கு அனுப்பும் கட்டளையையும் அதே நேரத்தில் அளந்தால் இது நகரும். மூன்றாவது, கூலிக்கு உழைக்கும் பெண்களையும் நடுவயதினரையும் நாற்பது டிகிரியில் வைத்து இவற்றில் எது நிற்கும் என்பது. அதைச் சோதிக்க உள்வெப்பத்தைக் குறைத்துக் காட்டும் காஸில் முறை அறவே பொருந்தாது. ஏமாற்று இடம்பெறும் ஆய்வுகளுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகள் நெறிக்குழுவின் ஒப்புதலையும் பின்னர் உண்மையை விளக்கிச் சொல்வதையும் கோருகின்றன; ஆபத்தான வெயிலில் அதைக் கடப்பது கடினம், கடினமாகத்தான் இருக்கவும் வேண்டும். ஒரே பட்டறையில் சிலருக்கு எண்ணை உள்ளபடி காட்டியும் சிலருக்கு எதையுமே காட்டாமலும் ஒரு கோடை முழுக்கப் போர்க்கின் அளவையும் உள்வெப்பத்தையும் சேர்த்துப் பதிவுசெய்யும் ஆய்வு, யாரையும் ஏமாற்றாமல் இந்தக் கேள்வியில் பாதியையாவது திறந்துவிடும்.